மூலத்தோப்பு பார்க்கிங்கில் முதல் வெட்டு

“இருபத்தாறு வருஷமா மெஷின் ஓட்டறேன் மாமி. உயிர் வந்த மெஷின்னா முதல் வெட்டு பிள்ளையார் சுழிதான். துவாக்குடியில போய் யார வேணா கேளுங்க.”

“துவாக்குடி துவாக்குடியோட இருக்கட்டும். எங்காத்துல கல்யாணப் பத்திரிகையிலகூட சுழி போடறதில்ல. பித்தளையில போடுவாளா? நாமத்த வெட்டச் சொல்லுங்கோ.”

“அப்ப மெஷினுக்கும் பஞ்சகச்சம் கட்டி விடுங்க.”

மெஷின்காரர் நல்லுசாமியின் இந்தக் கடைசி வாக்கியம் வேண்டாத வாக்கியம். அதுவரை குரல்தான் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு மரியாதையும் இறங்கிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று காலை ஒன்பதரை மணி. அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டுத் திரும்பிய எங்கள் மூலத்தோப்பு அபார்ட்மென்ட் ஜனம் ஈரத்துணியும் கையுமாகக் கீழே பார்க்கிங்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் முதல் மாடி பால்கனியில் இருந்தேன். துணி உலர்த்துகிற நேரம் அது. வேண்டுமென்று நின்றதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாமி என்பது அனுசுயா மாமி, இரண்டாம் மாடி. பிள்ளை ஸ்ரீநாத்துக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. பெங்களூரில் பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் கார்டுகளை ரிப்பேர் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் துணை என்று ஸ்ரீரங்கத்துக்கு வந்தவன். அம்மாவுக்குத் துணையா, கம்பெனியே துணை வேண்டாம் என்றதா என்பதில் எங்கள் கட்டடத்தில் இரண்டு கட்சி உண்டு. வந்தவன் தன் கார் நிற்கவேண்டிய இடத்துக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்து, ‘ரெட்ரோஃபிட்டிங்’ என்று ஒரு போர்டு மாட்டினான். அது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. முதல் வாரத்தில் வந்த ஒரே வாடிக்கையாளர் மூன்றாம் மாடிக்காரர். கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டுகிற பழைய மெஷின்களில் இரும்பு நன்றாக இருக்கும், கரண்ட் வேலை மட்டும் செத்திருக்கும். அந்தச் செத்த பாகத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கார்டு, புது ஒயர் போட்டு, லேப்டாப்பில் மாட்டி ஓட வைப்பது. கரண்ட் பக்கம் ஸ்ரீநாத். இரும்புப் பக்கம் நல்லுசாமி. மணப்பாறைக்காரர், துவாக்குடியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மில்லிங் மெஷினில் நின்றவர். பட்டறை முதலாளியோடு எதற்கோ முறைத்துக்கொண்டு வெளியே வந்து ஸ்ரீநாத்தோடு சேர்ந்தார். முறைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம் என்பதை ஸ்ரீநாத் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவர்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலைதான் இந்த மெஷின். கொண்டுவந்தவள் மட்டுவார்குழலி. பெயர் நீளம் என்பதால் எல்லோருக்கும் குழலி. கே.கே. நகரில் நல்லறம் பாலிடெக்னிக் என்று ஒன்று இருக்கிறது. அங்கே லேப் பார்த்துக்கொள்பவள், ஒப்பந்த வேலை. பையன்களுக்குப் பாடம் நடத்துவதற்காக அந்தக் காலேஜில் பதினெட்டு வருஷத்துக்கு முன் ஆறு சின்ன மில்லிங் மெஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள். மேசைமேல் வைத்து ஓட்டுகிற ரகம். ஆனால் மேசையிலிருந்து இறக்க நாலு ஆள் வேண்டும். செய்த கம்பெனி மூடிப்போய், கூட வந்த கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாய்க் கண்ணை மூடி, ஆறு மெஷினும் நாலு வருஷமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருந்தன. பையன்கள் சாப்பாட்டு டப்பா வைக்க நல்ல இடம் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

காலேஜ் செக்ரட்டரி காசிநாதனுக்கு அந்த அறையின்மேல் கண். மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பெரிய திரை வைத்த ஸ்மார்ட் கிளாஸ் ஆக்க வேண்டும். குழலி கெஞ்சியதில் ஒரு கெடு கொடுத்தார். ஆகஸ்ட் பதினாலாம் தேதி அவர் கண்முன்னே ஒரு மெஷினாவது ஓட வேண்டும். ஓடினால் மற்ற ஐந்தையும் சரிபார்க்கலாம். ஓடாவிட்டால் பதினாறாம் தேதி இரும்புக்கடை வண்டி வரும்.

லேப் போனால் லேப் பார்ப்பவள் எதற்கு? குழலியின் வேலையும் அந்த வண்டியிலேயே ஏறிவிடும். வேலை போனால் அடுத்த வாரமே கரூர். அவள் வீட்டுக்காரர் இளவரசன் கரூரில் குடும்பத்துக் கொசுவலைக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான மனிதர் என்றுதான் கேள்வி. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கள் விடியற்காலையில் போய்விடுவார். அவருடைய அம்மாதான் விஷயம். உத்தியோகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால்தான் மருமகள் கே.கே. நகரில் நாலாம் வகுப்புப் பெண்ணோடு தனியாக இருக்க விட்டிருந்தார். லேப் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கரூர் ஸ்கூலில் பேத்திக்கு விண்ணப்பம் வாங்கி, பிறந்த தேதிவரை பூர்த்தி செய்து வைத்துவிட்டாராம். இதைக் குழலி அனுசுயா மாமியிடம் சொன்னாள். மாமி லிஃப்டில் என்னிடம் சொன்னாள். ஒரு மாடி ஏறுவதற்குள் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

சரி, ஆடிப்பெருக்குக்கு வருவோம்.

மாமி அப்படிக் கேட்டதில் அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் வீட்டில் கடிதம் எழுதினாலும் ‘ஸ்ரீ’ என்றுதான் தொடங்குவார்கள், சுழி கிடையாது. நல்லுசாமியின் பட்டறையிலோ சுழி போடாமல் ஒரு துவாரம் போட்டதில்லை. ‘ஸ்ரீ’ என்றே வெட்டிவிடலாமே என்று நான் மேலேயிருந்து சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்ரீநாத்துக்கு அந்த எழுத்தை வளைத்து வளைத்து வரைவதில் சோம்பல். நாமம் என்றால் இரண்டு கோடு, அடியில் ஒரு வளைவு, நடுவில் ஒரு கோடு, முடிந்தது. அவன் அம்மா பக்கம் சாய்ந்ததற்கு பக்தி காரணமில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

“அண்ணே, இந்த ஒரு தடவ அம்மா சொல்றபடி இருக்கட்டுமே” என்றான்.

நல்லுசாமி ஸ்பேனரைத் துணியில் துடைத்து வைத்தார். குழாயில் கை கழுவினார். டிபன் கேரியரை எடுத்து வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போனவர் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு நாளில் திரும்பியிருப்பார். டீக்கடையில் நின்றார். காய்கறி வாங்கப் போன என் காதில் அவர் சொன்னது விழுந்தது. அந்தத் தம்பிக்கு இரும்பு தெரியாது, ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டால் மெஷின் ஆகிவிடாது, கடைசியில் தன்னைத் தேடித்தான் வரவேண்டும் என்கிற மாதிரி ஏதோ. நான் மாமியிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு மாமி, நல்லுசாமியைப் போனில் கூப்பிடக்கூடாது என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கே ஸ்ரீநாத் தனியாக வேலையை முடித்தான். பித்தளையைத் தொடுவதற்கு முன் வெட்டும் முனைக்குப் பதில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டி, வெள்ளைத்தாளில் வரைந்து பார்த்தான். மெஷின் நாமத்தைத் தலைகீழாகப் போட்டது.

மாமி போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடிக்காரர் கரண்ட் ஷாக் என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டார். சுழியை வேண்டாமென்றதற்குப் பிள்ளையார் கொடுத்த தண்டனையோ என்ற சந்தேகம் ஒரு நிமிஷம் மாமியின் முகத்திலேயே தெரிந்தது. அதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீநாத் பதறவில்லை. முன்னும் பின்னுமாகப் போகிற மோட்டாரின் திசை மாறியிருக்கிறது என்றான். லேப்டாப்பில் ஏதோ ஒன்றைத் தட்டி அந்தத் திசையைத் திருப்பினான். அடுத்த தாளில் நாமம் நிமிர்ந்து நின்றது. பிறகு பித்தளையில் வெட்டினான். பளபளவென்று, கோவில் வாசலில் விற்கிற டாலர் தோற்றுப்போகும். மாமி அதைப் பூஜை அலமாரியில் வைத்தாள். படம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் வந்தது, அறுபத்துமூன்று கும்பிடு விழுந்தது.

அடுத்த பத்து நாளும் ஸ்ரீநாத் சதுரமாக வெட்டினான், வட்டமாக வெட்டினான், நாலு மூலையில் நாலு துவாரம் போட்டான். குழலி சாயங்காலம் காலேஜ் விட்டு இரண்டு பஸ் மாறி வந்து வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பாள். ஐம்பது மில்லிமீட்டர் என்றால் ஐம்பதே இருந்தது. ஒரு தலைமுடி வித்தியாசமில்லை. நல்லுசாமி அண்ணன் ஏன் வருவதில்லை என்று அவள் கேட்டபோதெல்லாம் உடம்பு சரியில்லை என்று மாமி சொல்லிவந்தாள்.

பதின்மூன்றாம் தேதிதான் மெஷினைத் தூக்க ஆள் வேண்டும் என்பது ஸ்ரீநாத்துக்கு உறைத்தது. குழலியே நல்லுசாமிக்குப் போன் செய்தாள். உடம்பு எப்படி இருக்கிறது அண்ணே என்று அவள் விசாரிக்க, எந்த உடம்பு என்று அவர் கேட்க, விஷயம் வெளியே வந்தது. உனக்காக வருகிறேன், அந்தத் தம்பியோடு பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடு பதினாலாம் தேதி காலை இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெஷினைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் பக்கத்தில் ஸ்ரீநாத், பின்னால் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி நல்லுசாமி. காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கே.கே. நகர்வரை ஒரு வார்த்தை இல்லையாம்.

அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் மாமி பிள்ளையிடம் கேட்டுச் சொன்னது, நல்லுசாமி சொன்னது இரண்டையும் கேட்டேன். போதாததற்கு அந்தக் காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கும் ஜாஸ்லின் என்ற பெண் போனில் எடுத்த பதினாலு நிமிஷ வீடியோவையும் நாலு தடவை பார்த்தேன். ஆகவே நான் சொல்வதுதான் மூன்றையும்விடச் சரியானது.

லேப் நிறையப் பையன்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் காசிநாதன். ஸ்ரீநாத் மெஷினை ஓட்டிக் காட்ட லேப்டாப்பில் வலது அம்புக்குறியை அழுத்தினான். மெஷினின் மேடை வலது பக்கம் நகர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியாது. நல்லுசாமிக்குத் தெரிந்தது. இந்த ரக மெஷினில் வெட்டும் முனை பக்கவாட்டில் நகராது, அடியிலிருக்கிற மேடைதான் நகரும். முனை தகட்டில் வலது பக்கம் போக வேண்டுமென்றால் மேடை இடது பக்கம் போயாக வேண்டும். இருபத்தாறு வருஷம் அதையே பார்த்த கண். வீடியோவில் அவர் ஒரு அடி முன்னால் வருவதும், “தம்பி, அந்த…” என்று ஆரம்பிப்பதும் தெளிவாக இருக்கிறது.

“இன்னிக்கு ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே” என்கிறான் ஸ்ரீநாத், அவர் பக்கம் திரும்பாமலே.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். அந்த இடத்தில் அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பரம திருப்தி. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

குழலி, மாமியின் பூஜை அலமாரியிலிருந்து வாங்கிவந்த நாமத் தகட்டை மாதிரிக்குக் காட்டி, இதையே இன்னொன்று வெட்டிக் காட்டட்டுமா என்று கேட்டாள். காசிநாதன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே எல்லா வீட்டுப் பையன்களும் படிக்கிறார்கள், தவிர செக்ரட்டரிக்கே நாமம் போட்டுவிட்டார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரும், காலேஜ் பெயரைப் போடுங்கள் என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஸ்ரீநாத் ஆங்கிலப் பெரிய எழுத்தில் காலேஜ் பெயரைத் தட்டி, தகட்டை மாட்டி, ஓட விட்டான்.

ஆறு நிமிஷம். பித்தளைத்தூள் சுருள் சுருளாக விழுந்தது. அதுவரை எல்லோரும் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் எழுத்து தகட்டின் வலது ஓரத்தில் ஆரம்பித்தபோது ஸ்ரீநாத்தின் கழுத்து மட்டும் கொஞ்சம் முன்னால் நீண்டது. வெட்டி முடிந்து ஊதித் துடைத்துக் கொடுத்தார்கள். காசிநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முதலில் சிரித்தவள் ஜாஸ்லின், வீடியோ குலுங்குகிறது.

“ஏம்மா, இதக் கண்ணாடியில பாத்துத்தான் படிக்கணுமா?” என்றார் காசிநாதன்.

பெயர் முழுக்க இடவலம் மாறி வந்திருந்தது. ஆடிப்பெருக்கு அன்று நாமம் தலைகீழாக வந்தபோதே, முன்னும் பின்னும் போகிறது, பக்கவாட்டில் போகிறது என்று இரண்டு மோட்டாருமே தப்பான திசையில்தான் ஓடியிருக்கின்றன. ஸ்ரீநாத் ஒன்றைத் திருப்பினான். நாமம் நிமிர்ந்தது, மாமியும் சமாதானமானாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டான். நாமத்துக்கு இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுதானே, எப்படித் தெரியும்? சதுரத்துக்கும் அப்படித்தான், வட்டத்துக்கும் அப்படித்தான். சுழி போட்டிருந்தால் வால் தப்புப் பக்கம் போய் அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

காசிநாதன் எழுந்துவிட்டார். பழைய இரும்பு பழைய இரும்புதான், பதினாறாம் தேதி வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, நடக்கட்டும் என்றார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் நல்லுசாமி, யாரிடமென்று இல்லாமல்.

குழலி அவரைப் பார்த்தாள். அந்தப் பெண் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. ஆனால் லேப் முழுக்கக் கேட்டது.

“தெரிஞ்சா ஏண்ணே சொல்லல?”

“தம்பிதான் வாயத் தொறக்காதேன்னுச்சே.”

“அவரு சொல்லாதீங்கன்னாரு, நீங்க சொல்லல. நாமமா சுழியாங்கற உங்க சண்டையில நான் பொட்டி கட்டிக்கிட்டுக் கரூருக்குப் போகணுமா? ரெண்டு பேரும் நாளைக்கு வேற மெஷின் பாப்பீங்க. எனக்கு இந்த ஆறுதான் இருக்கு.”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பித்தளைத்தூள்தான் இருந்தது.

அவள் காசிநாதனிடம் போனாள். மெஷினில் கோளாறில்லை, அளவு சுத்தமாக இருக்கிறது, இடதும் வலதும் மட்டும் மாறியிருக்கிறது, பத்து நிமிஷம் உட்காருங்கள் சார், நானே மாற்றிக் காட்டுகிறேன் என்றாள். ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் சொன்னாள். அதனாலோ என்னவோ அவர் உட்கார்ந்தார். பையன்கள் பார்க்கும்போது எழுந்து போனால் நன்றாயிராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்ரீநாத்தை நகரச்சொல்லிவிட்டு அவளே லேப்டாப் முன் உட்கார்ந்தாள். எந்த இடத்தில் மாற்றவேண்டும் என்று அவன் விரலால் காட்டினான். “அண்ணே, மேடை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க” என்று நல்லுசாமியை மெஷின் பக்கத்தில் நிறுத்தினாள். வலது அம்பை அழுத்தினாள். “இடது பக்கம் போவுது. இப்பச் சரி” என்றார் அவர். அதற்குப் பிறகும் அவள் காலேஜ் பெயரைப் போடவில்லை. தகட்டைத் திருப்பி மாட்டி, மூலையில் ஆங்கில ‘எஃப்’ ஒன்றை மட்டும் சின்னதாக வெட்டினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும், புரட்டினாலும் உடனே தெரிந்துவிடுகிற எழுத்து. எஃப் எஃப்பாகவே வந்தது. பிறகுதான் பெயர்.

காசிநாதன் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார், நாலு வருஷம் அந்தக் காலேஜை நடத்தியும் இப்போதுதான் தெரிந்துகொள்கிறவர் மாதிரி. படித்துவிட்டு இரும்புக்கடைக்கு அவரே போன் போட்டு வண்டி வேண்டாமென்றார். அந்தத் தகடு இப்போது அவர் மேசையில் இருக்கிறது. பின்பக்கத்தை யாருக்கும் காட்டுவதில்லையாம்.

மற்ற ஐந்து மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக மூலத்தோப்புக்கு வந்து போயின. குழலி ஒரு நிபந்தனை போட்டாள். எந்த மெஷினானாலும் முதலில் எஃப் வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு நாமமோ சுழியோ அவரவர் இஷ்டம். அனுசுயா மாமிக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சையில் ஃபெயிலுக்குப் போடுகிற எழுத்தைப் போய் ஒரு நல்ல காரியத்துக்கு முதலில் வெட்டுவாளா என்று லிஃப்டில் என்னிடம் குறைப்பட்டாள். நல்லுசாமியும் அதையேதான் டீக்கடையில் சொன்னார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இதை மட்டும் நான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுபோகவில்லை.

நல்லுசாமி ஐந்தாவது மெஷின் முடிந்ததும் மறுபடி எதற்கோ முறைத்துக்கொண்டு போய், திருவானைக்காவலில் தனியாக ஒரு ஷெட் பிடித்துக்கொண்டார். கரண்ட் வேலைக்கு மட்டும் ஸ்ரீநாத்திடமே அனுப்புகிறார். இருவரும் போனில் பேசிக்கொள்வதில்லை. சீட்டு எழுதி மெஷினில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

குழலிக்கும் ஸ்ரீநாத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் எங்கள் கட்டடத்தில் உண்டு. கல்யாணமான பெண் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அவனானால் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கப் போய், வாங்கின பிறகும் போய், ஜாஸ்லினையே கல்யாணம் செய்துகொண்டான். மேலப்புதூர்ப் பெண், சர்ச்சுக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிற குடும்பம். மாமி இரண்டு மாதம் பிள்ளையோடு பேசவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். பழைய மெஷின் வேலை அங்கே நிறையக் கிடைக்கிறதென்று இருவரும் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். மாமி துணைக்கு ஆளில்லாமல் இங்கேயே இருக்கிறாள். தகரத்தைப் பிரித்தாகிவிட்டது. அந்த இடத்தில் மூன்றாம் மாடிக்காரர் கேட்காமலே ஸ்கூட்டர் நிறுத்துகிறார்.

குழலிக்கு மூன்று வருஷத்துக்கு வேலை ஆர்டர் கொடுத்தார்கள். கரூர் ஸ்கூல் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தை பிறந்ததும் இளவரசன்தான் கட்டிலும் பீரோவும் முப்பது கட்டுக் கொசுவலையுமாக ஒரு லோடு வண்டியில் கே.கே. நகருக்கு வந்து இறங்கினார். பஸ் ஸ்டாப் எதிரில் கடை போட்டிருக்கிறார். அவருடைய அம்மா கரூரில் மூத்த மகனோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவை வந்து கடையில் உட்கார்ந்து, வியாபாரம் எப்படி என்று பார்த்துவிட்டுப் போகிறாராம்.